மார்புக்கூட்டின் வடிவம்

அன்புள்ள தம்பி,

உன் மார்பின் நடுவே ஒரு குழி இருப்பதாகவும், நீச்சல் பழகும் நாளில் சட்டையைக் கழற்ற நாணி ஒதுங்கி நிற்பதாகவும் நீ எழுதியிருப்பதைப் படித்தேன். அந்தக் குழியைக் காட்டிலும், அதை மறைப்பதற்காக நீ தோளைக் குறுக்கிக் கூனி நடப்பதே எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது. ஆகையால், மார்பின் அமைப்பு இன்னதென்பதை நீ முதலில் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்பி இதை எழுதுகிறேன்.

மனித சரீரத்தில் விலா எலும்புகள் 12 ஜோடிகள். ஆணுக்கு ஒரு விலா குறைவு என்று ஐரோப்பாவில் பலர் நெடுங்காலம் நம்பியிருந்ததை, வெசேலியஸ் என்னும் உடற்கூற்று ஆசிரியர் 1543-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் மறுத்துரைத்தார். பின்புறத்தில் எல்லா விலாக்களும் முதுகெலும்போடு பொருந்தியிருக்க, முன்புறத்திலோ மேலுள்ள 7 ஜோடிகள் தத்தம் குருத்தெலும்பின் வழியே மார்பெலும்பை நேரே சேர்கின்றன. அடுத்த 3 ஜோடிகள் தமக்கு மேலுள்ள குருத்தெலும்பைப் பற்றி நிற்கின்றன. கடைசி 2 ஜோடிகள் எதனோடும் சேராமல் தசைகளுக்கிடையே முடிந்துவிடுகின்றன.

இதயத்தையும் நுரையீரல்களையும் காப்பது ஒன்றே இக்கூட்டின் காரியமாக இருந்திருந்தால், அது மண்டையோட்டைப் போல அசைவற்றதாகவே அமைந்திருக்கலாம். ஆனால் நாம் மூச்சை உள்ளிழுக்குந்தோறும், படுத்திருந்த வாளிக் கைப்பிடி தூக்கும்போது எழுவதுபோல விலாக்கள் பக்கவாட்டில் உயர, மார்பெலும்பு முன்னே எழ, உதரவிதானம் கீழே இறங்க, உள்ளிடம் விரிந்து காற்று உட்புகுகிறது. இந்த அசைவுக்கு இடந்தரும் நெகிழ்ச்சி பெரிதும் குருத்தெலும்பால் வருவது. அதன் வளர்ச்சி ஒழுங்கு தப்பும்போதே மார்பெலும்பு உள்ளே தள்ளப்பட்டுக் குழிந்த மார்பாகவோ, வெளியே தள்ளப்பட்டு முன்துருத்திய மார்பாகவோ ஆகிறது என்பது வைத்தியர்கள் பலர் கொள்ளும் கருத்து.

குழிந்த மார்பு சிசுப் பருவத்திலேயே தென்படுவதுண்டு. முன்துருத்திய மார்பு பெரும்பாலும் உன் வயதில், உடல் விரைந்து வளரும் காலத்தில் வெளிப்படுகிறது. இரண்டும் சிறுமியரைவிடச் சிறுவரிடமே அதிகம். சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வருவதுண்டு. இவையன்றி, அடிவிலாக்கள் சற்று வெளியே விரிந்து நிற்பதும், இரு பக்கங்களும் முற்றிலும் ஒத்திராததும் சாதாரணமாகக் காணப்படுபவையே. வைட்டமின் டி குறைவால் குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸ் நோயிலோ, விலாவும் குருத்தெலும்பும் கூடுமிடங்கள் ஜபமாலை மணிகளைப்போல் வரிசையாகப் புடைத்துத் தோன்றும். இவ்வாறு வடிவபேதத்திற்குக் காரணங்கள் பல. நீ உட்கார்ந்த விதமோ படுத்த விதமோ உன் மார்பைக் குழியச் செய்துவிடவில்லை.

லேசான குழிவு பெரும்பாலும் இதயத்தின் வேலைக்கோ சுவாசத்திற்கோ இடையூறு செய்வதில்லை. குழி ஆழமானால் இதயம் இடப்புறம் ஒதுங்கவும், ஓடும்போது சீக்கிரம் இளைக்கவும் கூடும்; ஆகவே இளைப்போ நெஞ்சுவலியோ படபடப்போ இருந்தால் தாமதமின்றி வைத்தியரிடம் சொல்ல வேண்டும். முன்துருத்திய மார்பை வளரும் பருவத்தில் அழுத்துப்பட்டை அணிவித்தே பலருக்குச் சீராக்குகிறார்கள். ஆழ்ந்த குழிவுக்கு, குருத்தெலும்பை வெட்டியகற்றும் பழைய முறையோடு, வளைந்த உலோகத் தண்டை மார்பெலும்புக்குப் பின்னே செலுத்தி அதை உயர்த்தும் முறையும் உண்டு. அமெரிக்க வைத்தியர் டொனால்ட் நஸ் 1998-இல் இதனை விவரித்து வெளியிட்டார். அத்தண்டைச் சில ஆண்டுகள் கழித்து எடுத்துவிடுவார்கள்.

தேகப்பயிற்சி எலும்பின் வடிவத்தை மாற்றாவிடினும், தசையை வலுப்படுத்தி உன்னை நிமிர்ந்து நிற்கச் செய்யும். ஆதலால், இந்த வாரமே தந்தையாரிடம் சொல்லி வைத்தியரிடம் மார்பைக் காட்டு. அவர் தடை சொல்லாவிடில் நீச்சலை விடாதே. மார்பின் தகுதியை அதன் தோற்றத்தைக் கொண்டு அளக்காமல், அது செய்யும் சுவாசத் தொழிலைக் கொண்டு அளக்கப் பழகு. வைத்தியர் சொன்னதை எனக்கு எழுது.

உன் நலம் நாடும்,
மாமா