ஜெர்மனியில் பி.எஸ்சி. வேதியியல்: பிளஸ் டூவிலிருந்து ஆய்வு மேசை வரை

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. இந்தச் செய்தி பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கெல்லாம் இப்போது போய்ச் சேர்ந்துவிட்டது. கூடவே போய்ச் சேர வேண்டிய இன்னொரு செய்தி சேரவில்லை. அங்கே இளங்கலை வேதியியலை ஏறக்குறைய எல்லா இடங்களிலும் ஜெர்மன் மொழியில்தான் நடத்துகிறார்கள். ஆங்கிலத்திலேயே படித்துவிடலாம் என்று ஆலோசனை மையங்கள் சொல்வது பெரும்பாலும் முதுகலைக்குத்தான் பொருந்தும். ஆகவே பணக் கணக்கைப் பிறகு போடலாம். முதலில் மொழிக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஒதுக்க மனம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மனம் இருந்தால் மேலே படியுங்கள்.

எந்த வாசல் வழியாக நுழைவது

இந்தியப் பிளஸ் டூ சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர முடியாது. மூன்று வழிகள் உண்டு. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற்றவர்கள் அறிவியல், தொழில்நுட்பப் பாடங்களுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். இங்கே அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் கீழ் ஓராண்டு இளங்கலையை வெற்றிகரமாக முடித்தவர்கள் அதே துறையில் விண்ணப்பிக்கலாம். இரண்டும் இல்லாதவர்கள் ஜெர்மனியில் ‘ஸ்டூடியன்கோலெக்’ எனப்படும் இரண்டு செமஸ்டர் ஆயத்தப் படிப்பில் சேர்ந்து, அதன் முடிவில் தகுதித் தேர்வு எழுத வேண்டும். அறிவியல் மாணவர்கள் பொதுவாகச் சேர்வது கணக்கு, இயற்பியல், வேதியியல் அடங்கிய ‘டி’ பிரிவில். அதில் நுழையவே ஜெர்மனிலும் கணக்கிலும் தேர்வு வைப்பார்கள்.

தமிழ்நாட்டு மாணவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. இங்கேயே ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலில் சேருங்கள், மாலையில் ஜெர்மன் வகுப்புக்குப் போங்கள். மொழி கைகூடவில்லை என்றாலும் கையில் ஒரு பட்டப்படிப்பு இருக்கும், ஆண்டு வீணாகாது. அந்த முதலாண்டில் அரியர் மட்டும் விழக்கூடாது. வேறு துறையில் ஓராண்டு படித்துவிட்டு வேதியியலுக்குத் தாவவும் முடியாது.

உங்கள் சான்றிதழுக்கு எந்த வழி பொருந்தும் என்பதை ‘அனாபின்’ என்ற ஜெர்மன் அரசுத் தரவுத்தளத்திலும், சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் நீங்களே கேட்டு உறுதிசெய்யுங்கள். இடைத்தரகர் சொல்லை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

மொழி

நேரடிச் சேர்க்கைக்குப் பெரும்பாலும் ஜெர்மனில் சி1 என்ற உயர்நிலைத் தேர்ச்சி கேட்பார்கள். டெஸ்ட்டாஃப் தேர்வில் நான்கு பகுதிகளிலும் 4, அல்லது டிஎஸ்ஹெச் தேர்வில் இரண்டாம் நிலை என்பது வழக்கமான அளவுகோல். சென்னையில் கோத்தே இன்ஸ்டிடியூட் இருக்கிறது. தொடக்க நிலையிலிருந்து சி1 வரை விடாமல் தீவிரமாகப் படித்தாலும் ஒன்றரை வருடம் பிடிக்கலாம்.

சான்றிதழுக்காகப் படிக்கும் ஜெர்மன் வேறு, லேபில் தேவைப்படும் ஜெர்மன் வேறு. இடைநிலையான பி1 முடித்ததுமே மோர்டிமர் எழுதிய பொது வேதியியல் பாடநூலின் ஜெர்மன் பதிப்பை எடுத்து ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் வாசியுங்கள். பாடம் உங்களுக்கு முன்பே தெரிந்தது என்பதால் மொழி மட்டுமே புதிது. கண்ணாடிக் கருவிகள், வீழ்படிவு, வடிகட்டுதல், நீர்த்தல் என்று லேபில் புழங்கும் சொற்களுக்கு ஒரு தனி நோட்டுப் போடுங்கள். எண்களை எழுதும் முறையும் அங்கே மாறும். தசமப் புள்ளி வரும் இடத்தில் காற்புள்ளி வைப்பார்கள். ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பார்கள். 1.000 என்றால் அங்கே ஆயிரம். டைட்ரேஷன் கணக்கில் இதைக் கவனிக்காமல் விட்டால் விடையே மாறிப்போகும்.

விண்ணப்பமும் பணமும்

2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் விசாவுக்கு முன் ஏபிஎஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். உங்கள் மதிப்பெண் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று டெல்லியில் உள்ள அலுவலகம் சரிபார்த்துக் கொடுப்பது அது. கட்டணம் 18,000 ரூபாய். வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் முதல் வேலையாக இதைத் தொடங்குங்கள். பல பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகவே விண்ணப்பம் வாங்குகின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்துக்குப் பொதுவான கடைசித் தேதி ஜூலை 15. வேதியியலுக்குப் பல இடங்களில் இட வரம்பே கிடையாது. தகுதியும் மொழியும் சரியாக இருந்தால் இடம் கிடைத்துவிடும்.

கட்டணமில்லை என்பதற்கு விதிவிலக்குகள் உண்டு. ஹைடல்பெர்க், ஃப்ரைபுர்க், டூபிங்கன், கார்ல்ஸ்ரூ எல்லாம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வாங்குகிறது. பெயரைப் பார்த்து மியூனிக்குக்கு ஓட வேண்டியதில்லை. அங்கே வீட்டு வாடகையே ஆளைச் சாய்த்துவிடும். ஹாலே, யேனா, மார்புர்க், கீசன், கோட்டிங்கன் போன்ற சிறு ஊர்களில் வேதியியல் பாரம்பரியமும் உண்டு, செலவும் குறைவு. கீசனில் 1824இல் பேராசிரியரான யூஸ்டுஸ் லீபிக், மாணவர்களைக் கூட்டமாக ஆய்வகத்தில் நிறுத்திச் செய்முறை வழியே வேதியியல் கற்பித்தார். உலகெங்கும் இன்று பி.எஸ்சி. மாணவர்கள் லேபில் நிற்பதற்கு அந்த முறை ஒரு பெரிய காரணம். அவருடைய ஆய்வகம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.

விசாவுக்கு ‘முடக்கக் கணக்கு’ எனப்படும் வங்கிக் கணக்கில் ஓராண்டுச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் உயர்த்தப்பட்ட தொகை 11,904 யூரோ. மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்க முடியும். இதிலிருந்துதான் வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம். பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம் என்று கணக்குப் போடும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். சட்டப்படி ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். ஆனால் வேதியியல் மாணவருக்குப் பிற்பகல் முழுக்க லேப். விடுமுறையிலும் சில செய்முறை வகுப்புகள் தொடர்ந்து நடக்கும். முதல் இரண்டு செமஸ்டருக்கு வேலைச் சம்பளத்தை நம்பாதீர்கள்.

ஆய்வகத்துக்குள்

பட்டப்படிப்பு ஆறு செமஸ்டர், 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று வைத்திருக்கிறார்கள். அதில் பெரும்பங்கை விழுங்குவது செய்முறை வகுப்பு.

நம் பிளஸ் டூ சால்ட் அனாலிசிஸில் ஒரு நேர் அயனி, ஒரு எதிர் அயனி. அங்கே முதலாண்டில் தரப்படும் கலவையில் பல அயனிகள் சேர்ந்து இருக்கும். மாணவர்கள் இதை ‘அயனி லாட்டரி’ என்று அழைக்கிறார்கள். ஆனால் யூகித்துத் தப்பிக்க முடியாது. தொகுதி தொகுதியாகப் பிரித்தே ஆக வேண்டும். இங்கே முதலாண்டு படிக்கும்போதே இந்தத் தொகுதிப் பிரிப்பை வாய்ப்பாடாக ஒப்பிக்காமல், எந்த அயனி எந்த அமிலத்தன்மையில் ஏன் வீழ்படிவாகிறது என்ற காரணத்தோடு படித்துவிட்டுப் போங்கள். கரைதிறன் பெருக்கம் புரிந்தவருக்கு அந்த லேப் பாதி முடிந்த மாதிரி.

சோதனையைத் தொடங்கும் முன் உதவியாளர் உங்களிடம் கேள்வி கேட்பார். ‘ஆன்டெஸ்டாட்’ என்று பெயர். வினை என்ன, எவ்வளவு எடுக்கிறீர்கள், என்ன ஆபத்து, கழிவை எங்கே ஊற்றுவீர்கள் என்பார். பதில் வரவில்லை என்றால் அன்று மேசை கிடையாது. ஆகவே ஒவ்வொரு வேதிப்பொருளின் அபாயக் குறியீட்டையும் முந்தைய இரவே எழுதி வைத்துவிடுங்கள். எச் 314 என்றால் தோலைக் கடுமையாகப் பொசுக்கும். எச் 225 என்றால் எளிதில் தீப்பற்றும். குளோரின் போன்ற ஹாலஜன் கலந்த கரைப்பான்களுக்குத் தனி கேன், கலக்காதவற்றுக்குத் தனி கேன். மாற்றி ஊற்றுவதைப் பெரிய குற்றமாகப் பார்ப்பார்கள், அது நியாயமும்கூட.

லேப் கோட்டு முழுப் பருத்தியில் இருக்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் தீப்பிடிக்கும்போது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இங்கேயே நல்ல பருத்திக் கோட்டு இரண்டு தைத்துக்கொண்டு போகலாம். மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் அதற்கு மேலே அணியும் பாதுகாப்புக் கண்ணாடி வாங்க வேண்டும்.

நம் ரெக்கார்டு நோட்டுப் பழக்கத்தை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். சீனியர் நோட்டைப் பார்த்து அழகாக எழுதி, வரவேண்டிய விடையை முதலில் வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போடுவது அங்கே ஏமாற்று வேலையாகவே கருதப்படும். விளைபொருள் 30 சதவீதம்தான் கிடைத்தது என்றால் 30 என்றே எழுதி, எங்கே இழந்தீர்கள் என்று விளக்குங்கள். மதிப்பு அந்த விளக்கத்துக்குத்தான்.

தேர்வு

அங்கே 1,0 தான் உச்ச மதிப்பெண், 4,0 தேர்ச்சியின் எல்லை, 5,0 தோல்வி. அரியர் எத்தனை இருந்தாலும் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இல்லை. பல இடங்களில் ஒரு பாடத்துக்கு மொத்தம் மூன்று வாய்ப்புகளே. கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாவது முறையும் தவறினால், அதே பட்டப்படிப்பை ஜெர்மனியில் வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாத நிலை வரும். தங்கும் அனுமதியும் அதோடு ஆட்டம் காணும். பலரைத் தடுக்கி விழவைப்பவை கணக்கும் இயற்பியலும். செப்டம்பரிலேயே போய்ச் சேர்ந்து, செமஸ்டருக்கு முன் நடக்கும் கணக்கு ஆயத்த வகுப்பில் உட்காருங்கள். துறை மாணவர் மன்றமான ‘ஃபாக்‌ஷாஃப்ட்’ பெரும்பாலும் பழைய வினாத்தாள்களைச் சேர்த்து வைத்திருக்கும். முதல் வாரமே போய் அறிமுகமாகுங்கள். பயிற்சித் தாள்களை ஜெர்மன் மாணவர்களோடு குழுவாகப் போடுங்கள். தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டும் இருந்தால் ஊர் நினைவு ஆறும், மொழி வளராது.

கடைசி செமஸ்டரில் ஒரு பேராசிரியரின் ஆய்வுக் குழுவில் சேர்ந்து பட்ட ஆய்வேடு எழுத வேண்டும். பேராசிரியரின் புகழைப் பார்த்து முடிவு செய்யாமல், அந்தக் குழுவின் முனைவர் பட்ட மாணவர்களிடம் பேசிப் பாருங்கள். உங்களுக்கு அன்றாடம் சொல்லிக்கொடுக்கப் போவது அவர்கள்தான். இளங்கலையோடு நிறுத்தும் வேதியியலாளருக்கு ஜெர்மனியில் நல்ல வேலை கிடைப்பது கடினம். பெரும்பாலோர் நான்கு செமஸ்டர் முதுகலைக்குப் போகிறார்கள், பலர் முனைவர் பட்டம்வரை தொடர்கிறார்கள். எனவே வீட்டில் கணக்குப் போடும்போது மூன்று வருடம் என்று போடாமல் ஐந்து வருடம் என்று போடுங்கள். மொழி படிக்கும் காலம் அதற்கு மேல்.