தறிக்குழியும் சிறுநீரகமும்



எங்கப்பா பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்பவர். தறிக்குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து தீராத இடுப்பு வலி. டாக்டரிடம் போகாமலே பல வருஷம் வலி மாத்திரை போட்டார். ரத்தக்கொதிப்பும் இருந்தது, யாருக்கும் தெரியாது. கால் வீங்கிய பிறகுதான் சோதனை. கிரியாட்டினின் கூடியிருந்தது.

நம் இரு சிறுநீரகங்களும் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. பழுது முற்றும்வரை பெரும்பாலும் அறிகுறியே தெரியாது. கெட்டது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

அப்பா இப்போது கடைப்பிடிப்பவை:

1. உப்பு குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு கிடையாது.
2. ரத்தக்கொதிப்பு மாத்திரை ஒரு நாளும் தவறாது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அது வீட்டுக்கே வருகிறது.
3. டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ இல்லை.
4. பீடியை விட்டாச்சு.
5. தண்ணீர், பழம், பருப்பு எல்லாம் டாக்டர் சொன்ன அளவில்.
6. அடிக்கடி தறியை விட்டு எழுந்து நடப்பது.

இன்றும் அவர் நெய்கிறார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். அந்த வலி மாத்திரையைக் கடையில் வாங்கி வந்தவனும் நான்தான். என்ன மாத்திரை என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களை ஒருமுறை ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.