தறிக்கும் இடம் கேளுங்கள்

மருதமுனை என்றால் கைத்தறிச் சாரமும் சேலையும்தான். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வீடுகளோடு தறிகளையும் கொண்டுபோனது. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் கட்டக் கூடாது என்று அரசு முதலில் அறிவித்ததால், கரையோரக் குடும்பங்களுக்கு வேறு இடத்தில் வீடு தேட வேண்டியதாயிற்று.

புதிய வீட்டுக்குப் பெயர் பதியும்போதே தறிக்கு இடம் உண்டா என்று கேளுங்கள். குழித்தறிக்கு நிலம் வேண்டும். மாடி வீட்டில் குழி வெட்ட முடியாது. கட்டி முடிந்தபின் கேட்டுப் பயனில்லை.

அடுத்தது நூல். முதலாளியிடம் கடனுக்கு நூல் எடுத்தால் துணியின் விலையை அவரே சொல்வார். (அவரை மட்டும் குறைசொல்ல முடியாது, அவரும் கடனுக்குத்தான் எடுக்கிறார்.) ஆகவே நிறுவனங்கள் தறி தருவதாகச் சொன்னால் முதல் பாவுக்கான நூலையும் சேர்த்துக் கேளுங்கள். விலை போடும்போது வீட்டில் நூல் சுற்றித் தரும் உம்மாவின் கூலியையும் எழுதுங்கள். அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.