214 கோடியில் ஒரு பகா எண்

2147483647. நம் கணக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. 32 பிட்டில் எண்ணும்போது எட்டும் உச்சம் என்பதால், கணினியில் வேலை பார்ப்பவர்களுக்குப் பழகிய எண் இது. அதனாலேயே இதைச் சுற்றிக் கதைகளும் ஏராளம்.

நம்பிக்கை: ‘கங்னம் ஸ்டைல்’ பாடலின் பார்வைகள் இந்த எண்ணைத் தாண்டியதும் 2014-ல் யூடியூபின் கணக்கே குழம்பிப்போனது.

உண்மை: குழம்பவில்லை. அந்த எல்லை வருமுன்பே பொறியாளர்கள் 64 பிட்டுக்கு மாறிவிட்டார்கள். திரையில் எண்கள் சுழன்றது வேடிக்கைக்காக வைத்த ஏற்பாடு.

நம்பிக்கை: 2038 ஜனவரி 19-ல் எல்லாக் கணினிகளும் நின்றுவிடும்.

உண்மை: 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய அமைப்புகளுக்குத்தான் சிக்கல். அன்று இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு எண்ணிக்கை இந்த உச்சத்தைத் தொடும். அடுத்த நொடியே அவற்றின் நாள்காட்டி 1901 டிசம்பருக்குப் போய்விடும். 64 பிட்டில் எண்ணுபவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

நம்பிக்கை: பகா எண் என்பதால்தான் கணினிக்காரர்கள் இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

உண்மை: யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. 32 பிட்டில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போக மீதி 31. அவற்றில் அடங்கும் மிகப் பெரிய எண், 2-ஐ 31 முறை பெருக்கி 1 கழித்தால் வருவது. அது பகா எண்ணாக அமைந்தது தற்செயல். 64 பிட்டின் உச்சமான 9223372036854775807 ஏழால் மீதியின்றி வகுபடும்.

நம்பிக்கை: இவ்வளவு பெரிய எண்ணைப் பகா எண் என்று கணினி வந்த பிறகுதான் உறுதிசெய்திருக்க முடியும்.

உண்மை: எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்ட கணித மேதை ஆய்லர் 1772-லேயே இதை அறிவித்துவிட்டார். 46,340 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அவையே நாலாயிரத்துக்கும் மேல். ஆய்லர் அத்தனையையும் தொடவில்லை. இந்த எண்ணுக்குப் பகா வகுத்தி ஒன்று இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தே ஆக வேண்டும். அந்த வடிகட்டலில் தேறும் பகா எண்கள் நூற்றுக்கும் குறைவு. முதலாவது 311, வகுத்தால் மீதி 35. அடுத்தது 1303, இடையில் ஒன்றுகூட இல்லை. அதிலும் மீதி 226. இப்படியே கடைசிவரை எதாலும் மீதியின்றி வகுபடவில்லை. கைக்கணக்கு கைக்குள் அடங்கியது அந்த யோசனையால்தான்.

நம்பிக்கை: இதைத் தாண்டிப் போக முடியாது.

உண்மை: 1811-ல் ஆங்கிலக் கணிதவியலர் பீட்டர் பார்லோ ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார். 6-இன் வகுத்திகளில் அதையே தவிர்த்து, மீதமுள்ள 1, 2, 3-ஐக் கூட்டினால் அதே 6 வருகிறது அல்லவா? இப்படிப்பட்டவை நிறைவெண்கள். 2147483647-இலிருந்து 19 இலக்க நிறைவெண் ஒன்று கிடைக்கிறது. அதைவிடப் பெரியதை எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்றார் பார்லோ. 1876-ல் பிரான்சின் கணிதவியலர் லூகா, 2-ஐ 127 முறை பெருக்கி 1 கழித்த 39 இலக்க எண்ணும் பகா எண்ணே என்று காட்டினார். ஒவ்வொரு வகுத்தியாகத் தேடாமலே அதைச் சாதித்தார். 2024-ல் அறிவிக்கப்பட்ட, 4 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட பகா எண்ணை உறுதிசெய்ததும் அவர் வழிவந்த சோதனைதான்.