நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை

முந்தலைத் தாண்டினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில், வெற்றிலையும் சில்லறையும் கிடக்கும் சுருக்குப்பைக்குள் சிலர் சார்பிட்ரேட் மாத்திரையையும் முடிந்து வைத்திருப்பார்கள். நெஞ்சு வலிக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்தது. நல்ல மாத்திரைதான். அதைச் சுற்றி வளர்ந்திருக்கும் பேச்சுதான் ஆபத்து.

“மாத்திரை வச்சேன், அடைப்பு கரைஞ்சு போச்சு.”

கரையாது. இதில் இருக்கும் ஐசோசார்பைடு டைநைட்ரேட், உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடைத் தந்து ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்துகிறது. முக்கியமாகச் சிரைகள் விரிவதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. இதயத்தின் வேலைப்பளுவும் அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் குறைகின்றன. வலி அடங்குகிறது. குழாயில் படிந்த கொழுப்பு படிந்த இடத்திலேயே இருக்கிறது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த நைட்ரோகிளிசரினை நெஞ்சு வலிக்குக் கொடுத்துப் பார்த்து 1879-ல் எழுதியவர் லண்டன் மருத்துவர் வில்லியம் மர்ரல். அதே பொருளை டைனமைட்டாக்கிச் சம்பாதித்த ஆல்ஃபிரட் நோபலுக்கும் கடைசிக் காலத்தில் டாக்டர்கள் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். நைட்ரிக் ஆக்சைடு ரத்தக்குழாயில் செய்யும் வேலையைக் கண்டுபிடித்த மூவருக்கு 1998-ல் கிடைத்தது நோபல் பரிசு. மனுஷர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

“வச்சதும் வலி விட்டுச்சுன்னா ஹார்ட்டு. விடலைன்னா வாயு.”

மலைச்சரிவில் ஆளைக் கொல்லக்கூடிய பேச்சு இதுதான். உணவுக்குழாய் இறுகி வரும் வலியும் இந்த மாத்திரைக்கு அடங்கும். ஆகவே வலி விட்டதால் மட்டும் அது இதய வலி என்று சொல்ல முடியாது. மாரடைப்பில் ரத்தக்கட்டி குழாயை முழுக்க அடைத்திருந்தால் எத்தனை மாத்திரை வைத்தாலும் வலி விடாமல் போகலாம். அந்த நேரத்தில்தான் “வாயுப் பிடிப்பு, நாலு ஏலக்காயை மென்னு சோடா குடி” என்று ஆளைத் திண்ணையில் படுக்க வைக்கிறார்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு வெறும் மூச்சுத் திணறலாகவோ, வியர்வையாகவோ, குமட்டலாகவோ வருவதுண்டு என்பதால் இந்த வாயுக் கதை அவர்களிடம் இன்னும் சுலபமாக எடுபடுகிறது.

கணக்கு எளிது. வேலையை நிறுத்தி உட்கார வேண்டும். டாக்டர் எழுதித் தந்த அளவில் ஒரு மாத்திரை. 5 நிமிடத்தில் வலி குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் 108. இரண்டாவது, மூன்றாவது என்று வைத்துப் பார்த்துக்கொண்டு மேட்டிலேயே காத்திருக்கக் கூடாது. கீழே இறங்கவே நேரம் பிடிக்கும் ஊர் இது.

தமிழக அரசு 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு 14 மாத்திரைகள் தரப்படுகின்றன: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8. சார்பிட்ரேட் அதில் கிடையாது. காரணம் உண்டு. மாரடைப்புச் சந்தேகத்தில் சேர்ந்த 58,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 1995-ல் வெளியான ஐசிஸ்-4 ஆய்வில், இதே வகையைச் சேர்ந்த மோனோநைட்ரேட் மாத்திரை இறப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை.

“நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாரு, எம் மாத்திரையில ஒண்ணைக் குடுத்தேன்” என்பது நல்ல மனசு. ஆனால் ரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருந்தால், அல்லது அடைப்பு இதயத்தின் வலப்பக்க அறையைப் பாதித்திருந்தால், இந்த மாத்திரை அழுத்தத்தை மேலும் இறக்கி ஆளைச் சாய்த்துவிடும். வயாகரா வகை மாத்திரை போட்டவருக்கும் இது ஆகாது: சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், டாடலாஃபில் என்றால் 48 மணி நேரம். கூச்சத்தில் ஆண்கள் மறைக்கும் விஷயம் இது. டாக்டரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

வலி வந்த பிறகுதான் வைக்க வேண்டும் என்பதும் சரியில்லை. ஏற்றமும், குளிர்காற்றும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நடப்பதும் இதய வலியைக் கிளப்பிவிடும். நாலரையாயிரம் அடி உயரத்துத் தோட்டத்தில் மூன்றும் ஒரே காலையில் சேர்ந்துகொள்ளும். வழக்கமாக வலி வரும் ஏற்றத்துக்குச் சுமார் கால் மணி நேரம் முன்பே வைத்துக்கொள்ளச் சில நோயாளிகளுக்கு டாக்டரே சொல்வார். வைத்த கையோடு பைக்கை எடுக்கக் கூடாது, தலை சுற்றும். மண்டை இடிப்பதும் சகஜம். அடிமையாகிவிடுவோம் என்ற பயம் வேண்டியதில்லை.

தண்ணீரோடு முழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரலே சிதைத்துவிடும், மிச்சமும் மெதுவாகத்தான் வேலை செய்யும். நாக்குக்கு அடியில் வைத்தால் நேரே ரத்தத்தில் கலந்து சில நிமிடங்களில் பிடிக்கும். வாய் வறண்டிருந்தால் முதலில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து நனைத்துக்கொள்ளலாம்.

சுருக்குப்பையில் இருப்பது பெரும்பாலும் மெடிக்கலில் கத்தரித்துக் கொடுத்த துண்டு அட்டை. பெயரும் காலாவதித் தேதியும் கடைக்காரரிடம் மிஞ்சிய துண்டோடு போயிருக்கும். அடுத்த முறை வாங்கும்போது தேதி உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.