ஒன்பது வோல்ட் பெட்டிக்கு எந்த ஐசி?

மானாம்பதி சுற்றுவட்டாரத்தில் பாலிடெக்னிக்கில் சேரும் பிள்ளைகள் முதல் வருடம் முடிவதற்குள் சொந்தமாக ஒரு ஹெட்போன் ஆம்ப் கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் சிமோய்தான். சூ மோய் என்பவர் 1990களின் கடைசியில் வெளியிட்ட சுற்று அது. பெப்பர்மின்ட் டப்பாவுக்குள் அடங்கும். ஒரு 9 வோல்ட் பேட்டரி, எட்டுக்கால் ஆப்-ஆம்ப் ஐசி ஒன்று, கொஞ்சம் ரெசிஸ்டர், கெபாசிட்டர், ஒரு வால்யூம் கண்ட்ரோல், அவ்வளவுதான். ஐசியை நேரே ஈயம் வைத்து ஒட்டாமல் சாக்கெட்டில் செருகுவதால், எப்போது வேண்டுமானாலும் கழற்றி வேறொன்றைப் போடலாம். வில்லங்கமும் அந்த சாக்கெட்டில்தான் ஆரம்பிக்கிறது.

"அண்ணா, இதைக் கழட்டிட்டு வேற ஆப்-ஆம்ப் போட்டா பேஸ் அள்ளுமாமே?" ரேடியோ, மைக் செட் ரிப்பேர் பார்ப்பவன் என்பதால் இந்தக் கேள்வி என் மேசைக்கு வருகிறது. கேட்டுவிட்டு வாங்கினால் பரவாயில்லை, வாங்கிவிட்டுத்தான் கேட்கிறார்கள். வீடியோவில் எவரோ சொன்னது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கூடவே வரும் அப்பா: "இருக்கறதிலேயே விலை கூடினதா போட்டுக் குடுங்க சார், பையன் படிக்கறான்." படிக்கிற பையனுக்கு விலை கூடின ஐசி எதற்கு என்று அவரிடம் கேட்கவா முடியும்?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டியது. ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையைச் சொல்வது. குடவோலை என்றதும் எல்லோருக்கும் குடமும் ஓலையும் சீட்டெடுக்கும் சிறுவனும்தான் ஞாபகம் வரும். ஆனால் கல்வெட்டில் கணிசமான பகுதி யார் பெயரை எழுதவே கூடாது என்பதைப் பற்றியது. கால் வேலி வரி கட்டும் நிலம் இல்லாதவன், கணக்குக் காட்டாதவன், சமீபத்தில் பதவி வகித்தவன் எல்லோரும் முதலிலேயே தள்ளுபடி. ஆப்-ஆம்ப்புக்கும் இந்த முறைதான் சரி. தகுதியில்லாததை முதலில் தள்ளிவிட்டால், மிச்சத்தில் சீட்டுப் போட்டு எடுத்தாலும் மோசம் போகாது.

தள்ள வேண்டியவற்றைத் தள்ளுவதற்கு டேட்டாஷீட்டில் மூன்றே இடம் பார்த்தால் போதும்.

முதலில் வோல்டேஜ். சிமோயில் 9 வோல்ட்டை இரண்டு ரெசிஸ்டரும் இரண்டு கெபாசிட்டரும் வைத்து நடுவில் பிளந்திருப்பார்கள். ஐசிக்குக் கிடைப்பது பிளஸ் மைனஸ் 4.5தான். பேட்டரி இறங்க இறங்க 3.5க்கும் வரும். அந்த அளவில் வேலை செய்யாத ஐசி, எவ்வளவு பேர்போனதாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது உள்ளீட்டுக் கால் இழுக்கும் கரண்ட். பிள்ளைகள் யாரும் இதைப் பார்ப்பதே இல்லை. என்இ5532ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டீயும் வடையும் சாப்பிடுகிற காசுக்குக் கிடைக்கும் அருமையான ஐசி, 1970களின் கடைசியிலிருந்து ஸ்டூடியோ மிக்சர்களில் உழைத்தது. அதன் உள்ளீட்டுக் கால் சாதாரணமாக 200 நானோஆம்பியர் இழுக்கும். சிமோயில் அந்தக் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது. பெருக்கிப் பாருங்கள், 20 மில்லிவோல்ட். சுற்றின் கெயின், அதாவது பெருக்கும் மடங்கு, 11 என்றால் அவுட்புட்டில் 220 மில்லிவோல்ட் டிசி நிற்கும். 32 ஓம் ஹெட்போனில் அது ஏறத்தாழ 7 மில்லிஆம்பியர். பாட்டே ஓடாதபோதும் காயிலை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். "5532 போட்டேன், சவுண்டு கரகரங்குதுண்ணா" என்று வருகிறவர்களில் பலருடைய வியாதி இதுதான். ஐசி நல்ல ஐசி, இந்த 100 கிலோ ஓம் வீட்டுக்கு மட்டும் ஒத்துவராத ஐசி.

மூன்றாவது வேகம். எல்எம்4562 போன்றவை 55 மெகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடியவை. பொட்டுப் போர்டில் நீள நீளமாக ஒயர் இழுத்துக் கட்டிய ஆம்ப்பில் அவை காதுக்கு எட்டாத அலைவரிசையில் தானாக அலறத் தொடங்கலாம். பாட்டு நிறுத்தியிருக்கும்போதும் ஐசியைத் தொட்டால் சுடுகிறதா? பேட்டரி ஒரே நாளில் தீர்ந்துவிடுகிறதா? அப்படியானால் சந்தேகப்படுங்கள். 4ஆம் காலுக்கும் 8ஆம் காலுக்கும் ஒட்டினாற்போல 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் வைத்த போர்டுக்கு மட்டுமே இந்த ரகம்.

மூன்று வடிகட்டலும் முடிந்தால் புதியவருக்கு மிஞ்சுவது ஓபிஏ2134. பிளஸ் மைனஸ் 2.5லேயே ஓடும், உள்ளீட்டுக் கரண்ட் சில பிக்கோஆம்பியர்தான், மிதமான வேகம். சூ மோயின் சுற்றோடு காலங்காலமாகச் சேர்த்துச் சொல்லப்படும் ஐசி இது, காரணமில்லாமல் அல்ல. டிஎல்072 பேட்டரியைச் சிக்கனமாகக் குடிக்கும், ஆனால் 32 ஓமைத் தள்ளத் திணறும். அதைப் பற்றி இதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

எனக்கென்று ஒரு பட்சபாதம் உண்டு, மறைப்பானேன்: ஜேஆர்சி4556. கோயில் திருவிழா மைக் செட்டுகளில் அதன் தம்பி 4558ஐ மாற்றி மாற்றியே கை பழகியதாலும் இருக்கலாம். 4556 ஒரு பக்கத்துக்கு 70 மில்லிஆம்பியர் வரை தரும், ஹெட்போனுக்கு வேண்டியது அந்தத் தெம்பு. என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் ஒருவர் 2011இல் வெளியிட்ட ஓ2 ஆம்ப்பின் அவுட்புட்டில் இருப்பதும் இந்த மலிவு ஐசிதான். இதன் உள்ளீட்டுக் காலும் கரண்ட் இழுக்கும் என்பதால், சிமோயில் போடுவதானால் 100 கிலோ ஓமை 10 ஆக்கி, கூடவே உள்ளீட்டு கெபாசிட்டரை 0.1லிருந்து 1 மைக்ரோஃபாரடாக உயர்த்த வேண்டும். ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போய்விடும்.

இனி மியூசஸ்01. பையன்கள் வாயில் இந்தப் பெயர் சாமி பெயர் மாதிரி வருகிறது. விலை ஆயிரங்களில். அதை உருவாக்கியது 4556ஐத் தயாரித்த அதே நியூ ஜப்பான் ரேடியோ கம்பெனி. டேட்டாஷீட்டை விரித்தால் குறைந்தபட்ச வோல்டேஜ் பிளஸ் மைனஸ் 9 என்று கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. அதாவது மொத்தம் 18 வோல்ட். நம் டப்பாவில் இருப்பது அதில் பாதி, பேட்டரி இறங்கியபின் பாதியும் இல்லை. சரி, இரைச்சலாவது குறைவா என்றால், ஓபிஏ2134க்கு 8 நானோவோல்ட் என்ற கணக்கில் இதற்கு 9.5. ஐசியில் ஒரு குறையும் இல்லை, வீட்டு மின்சாரத்தில் ஓடும் பெரிய ஆம்ப்பில் அது மரியாதையாக வேலை செய்யும். ஒன்பது வோல்ட்டில் அதைச் செருகிவிட்டு, "மேடை விரியுது, குரல் முன்னாடி வருது" என்று சொல்கிற பையனைப் பார்க்கும்போதுதான் பாவமாக இருக்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்தபின் விரியாமல் எப்படி?

இதிலேயே போலி வேறு. பேர்போன ஐசி எதுவாக இருந்தாலும், மலிவு ஐசியின் மேல்முகத்தை அரைத்து, புது எண் அச்சடித்து விற்கிறார்கள். அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து அழுத்தித் தேயுங்கள். கறுப்புப் பூச்சு கரைந்து, அடியில் அரைத்த கோடுகள் தெரிந்தால் காசு போயிற்று. ரிச்சி தெருவில் வாங்கினாலும் தபாலில் வரவழைத்தாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள். மியூசஸ் வரிசையிலேயே மியூசஸ்02 பிளஸ் மைனஸ் 3.5லேயே ஓடும், அதையாவது வாங்கலாமே என்பார்கள். ஓடும்தான். அந்தக் காசுக்கு நல்ல ஹெட்போன் வாங்கினால் கேட்கும் வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்குகூட எந்த ஐசியும் தராது என்பது என் கட்சி.

காதைப் பழக்காமல் ஐசியை மாற்றி என்ன பயன்? சத்தம் ஒரு துளி கூடினால் எதுவுமே நன்றாகத்தான் கேட்கும். ஒப்பிடும்போது இரண்டுக்கும் அவுட்புட் வோல்டேஜை மீட்டரில் ஒரே அளவுக்கு வையுங்கள், எது உள்ளே இருக்கிறது என்று தெரியாதபடி நண்பனை மாற்றிப் போடச் சொல்லுங்கள். நன்கு தெரிந்த ஒரே இசையைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் வி. எஸ். நரசிம்மனின் வயலின் போதும். ஒரு வாரம் ஒரே ஐசியோடு இருக்கப் பொறுமை இல்லாதவன் வேறு பொழுதுபோக்கு பார்க்கலாம். சில பிள்ளைகளுக்குக் காது நுட்பம், சிலருக்குக் கை நுட்பம். கை நுட்பக்காரன் சுத்தமாக ஈயம் வைத்துக் கட்டிய சாதாரண ஆம்ப், காது நுட்பக்காரனின் மியூசஸை விட நன்றாகப் பாடுவதை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். தன்னிடம் எது இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிய நாளாகும். அப்பாக்கள் அதுவரை பணப்பையை மூடி வைத்திருக்கலாம்.

மாற்றும் வேலையே ஐந்து நிமிடம்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். மெல்லிய ஸ்க்ரூடிரைவரை இரு முனையிலும் மாறி மாறிக் கொடுத்துப் பழையதைத் தூக்குங்கள், ஒரே பக்கம் நெம்பினால் கால் மடங்கும். புதியதில் பிறைவெட்டோ புள்ளியோ இருக்கும் பக்கம், சாக்கெட்டின் வெட்டு இருக்கும் பக்கம் வர வேண்டும். திருப்பிச் செருகினால் 4ஆம் காலில் பிளஸ் ஏறும், விரலைச் சுடுவதற்குள் ஐசி போய்விடும். ஏடி797 மாதிரி ஒற்றை ஆப்-ஆம்ப்பும் எட்டுக்கால்தான், ஆனால் கால் வரிசை வேறு. இரட்டை ஐசி சாக்கெட்டில் செருகக் கூடாது. பேட்டரி கொடுத்ததும் ஹெட்போனை மாட்டாதீர்கள். மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து இரண்டு சேனலையும் கிரவுண்டோடு அளந்து பாருங்கள். 20க்குள் இருந்தால் மாட்டலாம், 50ஐத் தாண்டினால் ஐசியைக் கழற்றிவிட்டு, பழைய ஐசியைத் திரும்பச் செருகி மறுபடி அளக்க வேண்டும். அதற்காகவே பழையதைத் தூக்கிப் போடாமல், கால்களை அலுமினியத் தாளில் குத்தி எடுத்து வையுங்கள்.