சுற்றாத ஃபேனும் பச்சைக் களிம்பும்

தூத்துக்குடி இரண்டாம் கேட்டில் ரயிலுக்காக நின்றபோதுதான் என் வண்டி முதல் தடவை கொதித்தது. பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. பின்னால் நின்ற லோடு ஆட்டோக்காரர் இறங்கி ஓடி வந்து, "அண்ணாச்சி, மொதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. மூடியைத் தொட்டுராதீய!" என்று சத்தம் போட்டார். அந்த மனிதருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் வெந்நீர் முகத்தில்தான் பாயும்.

வண்டி 1998 மாடல் மாருதி 800, எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. எங்கள் ஊர் தருவைகுளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் டவுன் வரும்வரை சூடு காட்டும் முள் பாதிக்குக் கீழேயே நின்றது. கேட்டில் நின்ற பத்து நிமிஷத்தில் சிவப்புக்குப் போய்விட்டது. இதை நான் அப்போதே கவனித்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். ஃபேனுக்கு வேலை வருவது நிற்கும்போதும் நெரிசலில் ஊரும்போதும்தான். ஆகவே நின்றால் சூடாகி ஓடினால் ஆறுகிற வண்டி என்றால் முதல் சந்தேகம் ஃபேன் மேல். ஓட ஓடச் சூடேறுகிறது என்றால் தண்ணீர் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

பழைய அம்பாசிடரில் இந்தத் தொல்லை இல்லை. இன்ஜின் நீளவாக்கில் இருக்கும். அதன் முகத்திலேயே ஃபேனை மாட்டி பெல்ட்டால் சுற்ற விட்டிருப்பார்கள். மாருதியில் இன்ஜின் குறுக்காகப் படுத்திருக்கிறது. அதன் பெல்ட் ரேடியேட்டர் பக்கம் எட்டாது. அதனால் மின்சார மோட்டார், அதற்கு ஒரு ஃபியூஸ், தண்ணீர் தொண்ணூறு டிகிரியைத் தாண்டிய பிறகு தொடர்பு கொடுக்கிற ஒரு ஃபேன் சுவிட்ச், இத்தனையையும் கோக்கிற ஒயர். காரில் சேர்ந்த வசதி ஒவ்வொன்றும் கடற்காற்றுக்கு ஒரு வாசல் திறந்துவிட்டது என்பது என் கருத்து.

முதலில் பார்த்த மெக்கானிக் மோட்டார் போச்சு என்றார். இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புது மோட்டார் மாட்டினோம். சரியாகிவிட்டது. ஐந்து வாரம் கழித்து மறுபடியும் அதே கேட், அதே ஆவி. இந்தத் தடவை வேறொருவர் ஃபேன் சுவிட்சை மாற்றினார். அதுவும் கேட்காமல் போக, "டைரக்ட் பண்ணிருவோம்" என்று டேஷ்போர்டில் ஒரு சுவிட்சைப் பொருத்திக் கொடுத்தார். நாமே போட வேண்டும், நாமே அணைக்க வேண்டும். ஒருநாள் போட மறந்தேன், வண்டி கொதித்தது. இன்னொரு நாள் அணைக்க மறந்தேன். காலையில் பேட்டரி காலி. ரிலே இல்லாமல் அவ்வளவு கரண்டையும் ஒரு சின்ன சுவிட்ச் வழியாக இழுத்ததில் பிளாஸ்டிக் கருகும் வாடை வேறு. டைரக்ட் வைத்தியம் வீடு வந்து சேர்வதற்கு மட்டும்தான். அதையே நிரந்தரமாக்கக் கூடாது.

டைரக்டாகக் கொடுத்தும் ஃபேன் சோம்பலாகத்தான் சுற்றியது. ஃபியூஸோ ஒரு தடவைகூடப் போகவில்லை. மோட்டார் இறுகினால் கரண்டை அதிகமாக இழுத்து ஃபியூஸைப் போக்கும். ஃபியூஸ் நன்றாக இருந்து ஃபேன் மட்டும் தள்ளாடினால், கரண்ட் போகிற வழியில் எங்கோ தடை என்று அர்த்தம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் மின்சுற்றுப் பாடம் நடத்தியவனுக்கு இது தோன்றவில்லை.

தோன்றியது என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒருவனுக்கு. எங்கள் ஊரில் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கிற படகுகளுக்கு ஒயரிங் பார்க்கிறான். வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்துபோட்டு நான் நிற்பதைப் பார்த்து வந்தான். கையிலிருந்த மல்டிமீட்டரைப் பெருமையாகக் காட்டினேன். ஃபேனுக்கு வரும் கப்ளரைக் கழற்றி வைத்தால் 12 வோல்ட்டுக்கு மேலேயே காட்டியது.

"கழட்டி வச்சுப் பார்த்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும், சார். வேலை செய்யும்போதுதான் தெரியும்" என்றான்.

பைக்கிலிருந்து ஒரு டெஸ்ட் லாம்ப் எடுத்து வந்தான். இன்டிகேட்டருக்குப் போடுகிற 21 வாட் பல்பில் இரண்டு ஒயரைப் பற்றவைத்தது, அவ்வளவுதான். ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ஃபேனிலிருந்து பாடிக்குப் போகிற கறுப்பு ஒயரிலும் வைத்தான். முழு வெளிச்சம் வர வேண்டிய பல்பு, மங்கலாகத்தான் எரிந்தது.

"ஃபேன்ல ஒண்ணும் இல்ல, சார். எர்த்துதான் செத்துக் கெடக்கு."

பிறகு ஃபேனை ஓட விட்டு, அதே கறுப்பு ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே என் மீட்டரை வைக்கச் சொன்னான். ஏறத்தாழ பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. நான்கு வோல்ட் காட்டியது. பன்னிரண்டில் நான்கை எர்த் இணைப்பே தின்றுவிட்டு, மோட்டாருக்கு எட்டை மட்டும் விட்டு வைத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், அந்த இடம் சுட்டது. போல்ட்டைக் கழற்றினால் ஒயர் முனையிலுள்ள லக்குக்கு அடியில் பச்சைக் களிம்பு, அதற்கும் கீழே துரு. ஒயரின் மேல்தோலைச் சீவினால் உள்ளே இரண்டு விரற்கடை தூரம் செம்பு கறுத்திருந்தது.

எங்கள் ஊரைச் சுற்றி உப்பளம். ஆனி, ஆடியில் மேல்காற்று வீசினால் அளத்துப் பொடியும் சேர்ந்து வரும். மற்ற நாளில் கடலிலிருந்து ஈரக்காற்று. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அதிலிருந்து நீரை உறிஞ்சித் தானே கரையும். விடியற்காலையில் கார்க் கண்ணாடி பிசுபிசுப்பது அதனால்தான். கப்ளருக்குள்ளும் லக்குக்கு அடியிலும் அதே உப்புநீர்தான் செம்பை அரிக்கிறது. புது மோட்டார் மாட்டிய பிறகு ஐந்து வாரம் வண்டி ஓடியதன் ரகசியமும் அப்போது விளங்கியது. கழற்றி மாட்டுகையில் களிம்பு கொஞ்சம் உரசிப் போயிருக்கிறது. குணமாக்கியது அந்த உரசல். காசு வாங்கிக்கொண்டது மோட்டார்.

பச்சை ஏறிய ஒயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புது லக் வைத்து அமுக்கிப் பற்றவைத்தான். பாடியில் பெயின்ட் போகத் தேய்த்தான். உப்பு செய்த அழும்பை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டியிருந்தது. முடுக்கிய பிறகு மேலே கெட்டியாக கிரீஸ். கூடவே பேட்டரி நெகட்டிவுக்கே நேராக ஒரு கனமான ஒயர். "நடுக்கடல்ல லைட்டு போனா மெக்கானிக்கைக் கூப்பிட முடியாதுல்லா, சார்" என்றான். அறுபது ரூபாய்ச் சாமான். டேஷ்போர்டு சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு, பழையபடி ஃபேன் சுவிட்சுக்கே வேலையைக் கொடுத்தோம்.

அன்றிலிருந்து அக்கம்பக்கத்து வண்டிகளையும் நான் பார்த்துக் கொடுக்கிறேன். ஃபேன் சுற்றவே இல்லையென்றால், சாவியைப் போட்டு ஃபேன் சுவிட்சின் கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு ஒயரையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துப் பாருங்கள். சுற்றினால் சுவிட்ச்தான் குற்றவாளி. ஒற்றை ஒயர் வருகிற வண்டியில் அதை பாடியில் தொட வைக்க வேண்டும். இரண்டு வகைக்கும் இது பழைய வண்டி வைத்தியம். கம்ப்யூட்டர் ஃபேனை இயக்குகிற வண்டியில் இப்படிச் செய்யாதீர்கள். சுற்றாத மோட்டாரை ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டினால் சுற்றுகிறதா? உள்ளே கார்பன் தேய்ந்திருக்கிறது. சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று கிளம்பும்; பேட்டரி ஒயரைக் கழற்றாமல் இறக்கைக்குள் விரலை விடாதீர்கள்.

மோட்டாரை மாற்றியவர்கள் கிரில்லுக்கு முன்னால் ஒரு துண்டுத் தாளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். தாள் உள்பக்கம் ஒட்ட வேண்டும். வெளியே தள்ளினால் ஒயர் மாறி, ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. தண்ணீர் மாற்றிய அன்றைக்கே ஃபேன் வராமல் போனால் காற்று அடைத்திருக்கலாம். சுவிட்ச் தண்ணீரில் முங்காமல் காற்றில் நின்றால் அதற்குச் சூடு தெரியாது. எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரை மட்டும் ரேடியேட்டரில் ஊற்றிவிடாதீர்கள், அதுவும் உப்புதான். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் போதும்.

கழற்றிப் போட்ட பழைய மோட்டார் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. போன பொங்கலுக்கு வீடு ஒதுங்க வைத்தபோது எடுத்துப் பேட்டரியில் கொடுத்துப் பார்த்தேன். ஜம்மென்று சுற்றியது.